ஏழு பேர் எழுந்தால்

மார்ச் 3, திங்கள்

பனி உருகி வாசல் முழுவதும் சேறு. காலையில் குப்பைத் தொட்டிகளை இழுத்துத் தெருவோரம் வைத்தேன். காகிதத்துக்கு நீலம், மற்றதற்குக் கறுப்பு. மாற்றி வைத்தால் எடுக்க மாட்டார்கள்.

வெளியைவிட வீட்டுக்குள் கொஞ்சம்தான் சூடு. ஹீட்டர் சூட்டைக் கூட்டும் பொத்தானின் மேல் மாப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் கூட்டை மாட்டிப் பூட்டிவிட்டார். நான் யாருக்கும் தெரியாமல் கூட்டுகிறேனாம். ஆமாம், கூட்டினேன். எழுபத்து நான்கு வயதான செங்கல்பட்டு உடம்பு இந்த ஊரில் வேறு என்ன செய்யும்? எங்கள் வில்மார்ஷ் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் பாஸ்டன் துறைமுகம். எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போட நீ யார் என்று தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய இடம். அதற்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, என்னைக் கேட்காமல் என் சூட்டைப் பூட்டுகிறார்.

அந்தப் பூட்டு விழுந்த ஜனவரி முதல் அவரும் நானும் நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் என் மகள் மேகலை இருக்கிறாள். "மாமாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார் குமரகுரு. ரசம் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். "போதும்னு சொல்லும்மா" என்பேன். மேகலை யாரிடமும் எதையும் சொல்வதில்லை. பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

என் மனைவி அஞ்சலை எப்போதும் மாப்பிள்ளை கட்சி. அவர் அறைக்குள் வந்தால் எழுந்து நின்றுவிடுவாள். சாப்பாட்டுக்கு நடுவிலும் எழுவாள், முட்டி வலிக்கும்போதும் எழுவாள். "உக்காருங்க அத்தை" என்று பல வருஷமாக அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார். காலு தானா எந்திரிச்சிடுது என்கிறாள். நான் வந்தால் அந்தக் கால் அசைவதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பெரியவர் வண்டி நாள்.

வயதானவர்களுக்கென்று ஊர் நிர்வாகம் ஓட்டும் வெள்ளை வேன் அது. செவ்வாயும் வெள்ளியும் வரும். நூலகம், மருத்துவமனை, கடைத்தெரு என்று சுற்றி வந்து மறுபடி வீட்டு வாசலில் இறக்கிவிடும். ஓட்டுபவர் ராய், முன்பு தீயணைப்புப் படையில் இருந்தவர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவனும் கால் இல்லாதவனும் ஒன்றுதான். வாரத்தில் அந்த இரண்டு நாளும் யாரிடமும் கேட்காமல், யாருக்கும் காத்திருக்காமல் நான் படியிறங்கிப் போகிறேன்.

வண்டியில் எனக்கு இரண்டு பேர் பழக்கம். ஒருவர் பள்ளிக்கூட நர்ஸாக இருந்த கிழவி. பெயர் பெட்டி. அந்தப் பெயரை முதலில் கேட்டபோது, "பாவம், யாரு வெச்சாங்களோ" என்றாள் அஞ்சலை. இன்னொருவர் வால்டர், வீடுகளுக்குக் கூரை போட்டுப் பிழைத்தவர். இவர் ஒரு கட்சி, அந்த அம்மாள் இன்னொரு கட்சி. நவம்பர் தேர்தலுக்குப் பிறகு பெட்டி முதல் இருக்கையில் உட்காருகிறார், வால்டர் கடைசி இருக்கையில். நான் நடுவில். "ஜன்னலைச் சாத்தச் சொல்" என்பார் ஒருவர். "காற்று வேண்டும் என்று சொல்" என்பார் மற்றவர். வீட்டில் மேகலை பார்க்கும் வேலையை வண்டியில் நான் பார்க்கிறேன்.

நாடு அழியப்போகிறது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. யாரால் என்பதில்தான் தகராறு. என் கருத்தைக் கேட்டார்கள். நான் எமர்ஜென்சியைப் பார்த்தவன், ஆட்சி கலைந்து கலைந்து வந்ததைப் பார்த்தவன், எத்தனையோ முறை உலகம் முடிந்துவிட்டது என்றேன். பிறகு வாஷிங்டனைப் பற்றிச் சொன்னேன். இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்துவிட்டு, போதும் என்று பண்ணைக்குத் திரும்பிய மனிதர். நாற்காலியில் உட்கார யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. வால்டர் தலையாட்டினார். பெட்டியும் ஆட்டினார். ஒருவர் ஆட்டியதை மற்றவர் பார்க்கவில்லை.

அப்படியே உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு வந்தேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு, செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய ஊரில், பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் பிறகு நிற்க முடியாது. "இதைப் போன வாரமும் சொன்னாய்" என்றார் ராய். நல்லதை எத்தனை முறை சொன்னால் என்ன?

மார்ச் 7, வெள்ளி

நூலகம். பிற்பகல் முழுவதும் பிரெஞ்சுப் புரட்சி. தலைவலி.

மார்ச் 11, செவ்வாய்

வண்டியில் ஏறியதுமே பெட்டி சொன்னார். ஊரின் நிதிக்குழு, இந்த வண்டியை ஜூலையோடு நிறுத்திவிடலாம் என்று பரிந்துரை செய்திருக்கிறதாம். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்திருக்கிறது. நிதிக்குழுவில் இருப்பவர்களின் பெயர்களையும் போட்டிருக்கிறார்கள். குமரகுரு என்ற பெயரைப் பெட்டி அழகாக மூன்று துண்டாக உடைத்து வாசித்தார். அவர் என் மாப்பிள்ளை என்று வண்டியில் எல்லோருக்கும் தெரியும், நானே பெருமையாகச் சொன்னதுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சன்னல் வழியே சேற்றைப் பார்த்தேன்.

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன்.

"வண்டிய ஏன் நிறுத்துறாங்கன்னு கேளும்மா."

"ஏறுறதுக்கு ஆள் இல்லைன்னு சொல்லு. பாதி நாள் காலியாத்தான் ஓடுது. ஸ்கூல் கூரை ஒழுகுது, அதுக்குப் பணம் வேணும்."

"ஏறுனவங்க கொஞ்சம் பேர் செத்துட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க ஏறிக்கிட்டுதான் இருக்காங்கன்னு சொல்லு."

"மாமாவுக்கு எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு. எப்ப வேணும்னாலும்."

நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 'எப்ப வேணும்னாலும்' என்பதற்கு நான் வாய் திறந்து கேட்க வேண்டுமே. கேட்க வேண்டாம் என்பதற்குத்தானே வண்டி. இதை மேகலை வழியாகச் சொல்லி அனுப்ப முடியாது. அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12, புதன்

இட்லி மாவு புளிக்கவில்லை. இந்த வீட்டுச் சூட்டில் எது புளிக்கும்?

மார்ச் 18, செவ்வாய்

இன்று ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். நானும் அஞ்சலையும் குடியுரிமை வாங்கி ஆறு வருஷமாகியும் இது தெரியாமல் இருந்ததற்கு யாரை நோவது?

இந்த ஊருக்கு மேயர் கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை, வசந்த காலத்தில், வாக்காளர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூடுவார்கள். வரவு செலவை அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ஊர்ச்சபை. நிதிக்குழு பரிந்துரைதான் செய்யலாம், முடிவு சபையுடையது. வாக்காளர் யாராக இருந்தாலும் எழுந்து மூன்று நிமிஷம் பேசலாம். வால்டர் கடைசி இருக்கையிலிருந்து கத்திச் சொன்னார். விட்டுப் போனதைப் பெட்டி முதல் இருக்கையிலிருந்து எனக்குச் சொன்னார்.

அதைவிடப் பெரிய செய்தி இது. சபையில் ஒருவர் இன்னொருவரோடு நேரடியாகப் பேசக் கூடாது. கேள்வி, பதில், திட்டு, பாராட்டு எல்லாமே மாடரேட்டர் என்கிற சபைத் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவன் பெயரைச் சொல்லி நீ என்று சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். முந்நூறு வருஷத்துப் பழக்கமாம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஜனவரியிலிருந்து இதுதான் நடக்கிறது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

ஓட்டு முதலில் வாயால். சம்மதம் என்றால் எல்லோரும் 'ஐ' என்று குரல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 'நோ'. வீட்டுக்கு வந்தும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் குழந்தைகள் பலூனைப் பார்த்தால் சொல்வது ஐ. நோ என்றால் வலி, நோய்க்கு அதுதான் வேர். முந்நூறு வருஷமாக இவர்கள் தமிழில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாரும் சொல்லவில்லை. அஞ்சலையிடம் விளக்கினேன். "ஐ-ன்னா சரி, நோ-ன்னா வேணாம். அவ்வளவுதான? இதுக்கு எதுக்கு இம்மாம் பேச்சு" என்றாள்.

மார்ச் 29, சனி

சபையில் பேசப்போகிறேன் என்று சாப்பிடும்போது அறிவித்தேன். யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை, பொதுவாக அறிவித்தேன். உத்திரமேரூரிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன் என்றும் சொன்னேன்.

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மேகலையைப் பார்த்தார். "அந்தக் கல்வெட்டுப்படி முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குக் கீழ இருக்கறவங்கதான் வர முடியும். மாமாவுக்கு எழுபத்தி நாலுன்னு சொல்லு."

அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள். மேகலைக்குப் புரை ஏறியது. எனக்கும் சிரிப்பு வந்தது, தண்ணீர் குடிப்பதுபோல் மறைத்துக்கொண்டேன்.

அவர் வயதோடு நிறுத்திக்கொண்டார். கல்வெட்டு அதோடு நிற்கவில்லை. வரி கட்டும் சொந்த நிலம் இருக்க வேண்டும், அதில் சொந்த வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். குமரகுரு எதையும் பாதி படித்துவிட்டு மூடி வைக்கிறவர் அல்ல.

எனக்கு மட்டும் தெரியாதா? ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். எங்கள் தெருக்காரன் பெயர் எதுவும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. பெருமையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டையும் அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைப் படித்தபோதும் அதே இரண்டுதான் வந்தன. எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய கை, அடிமைகளை வைத்து வேலை வாங்கிய கை. பெண்களுக்கு இங்கே எல்லா மாநிலத்திலும் ஓட்டு வர ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ஆயிற்று. உத்திரமேரூர்க் கல்வெட்டு அதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முந்தியது. விதியை எல்லா ஊரிலும் அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். வாசலைத்தான் குறுகலாக வைத்தார்கள். விதியை வைத்துக்கொள், வாசலை இடி. நான் எந்த நாட்டில் இருந்தாலும் என் கட்சி இதுதான்.

ஏப்ரல் 4, வெள்ளி

கடைவாய்ப் பல் ஆடுகிறது. ஆடட்டும்.

ஏப்ரல் 12, சனி

மேகலையிடம் என் பேச்சைப் படித்துக் காட்டினேன். பதினெட்டு நிமிஷம் வந்தது. பராந்தகச் சோழனைக் குறை என்றாள். முடியாது என்றேன். அப்படியானால் பிரெஞ்சுப் புரட்சியையாவது விடுங்கள் என்றாள். பெரிய மனது பண்ணி விட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வண்டிக்குள் பெரிய பிரச்சினை. சபை மே ஐந்தாம் தேதி, மாலை ஏழு மணிக்கு. பெட்டிக்கு இருட்டில் கண் தெரியாது. வால்டருக்கு ஓட்டுநர் உரிமமே போய்விட்டது. வண்டியில் வரும் மற்ற மூன்று பேருக்கும் இதே கதைதான். வண்டியில் போகலாம் என்றால் வண்டி சாயங்காலம் ஓடாது. ஆக, வண்டி வேண்டும் என்று சொல்லப்போக வண்டி இல்லை.

அப்போதுதான் நடந்தது அது. பெட்டி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்து, வால்டருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்பதை மே மாதம் வரை மறந்துவிடுகிறேன்" என்றார். வால்டர் யோசித்தார். ஜூன் வரை மறக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் பெட்டி. நடு இருக்கையில் எனக்கு வேலை போய்விட்டது.

ஏப்ரல் 23, புதன்

மேகலையிடம் கேட்டேன். கேட்பது எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் ஆறு பேர் விஷயம். அவளுடைய பெரிய காரில் அத்தனை பேரையும் கூட்டி வர முடியுமா? "அவரை எதிர்த்து ஓட்டுப் போட ஆளுங்களை அவர் வீட்டுக் கார்லயே கூட்டிட்டு வரச் சொல்றீங்க" என்றாள். ஆமாம் என்றேன். "ரெண்டு டிரிப் அடிக்கணும்" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அஞ்சலைதான் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில், கதவைச் சாத்திவிட்டு.

"மாப்பிள்ளையோட அப்பா செத்தப்பகூட அவங்க வீட்டுல அந்தப் புள்ளைய வாசல்லயே நிறுத்தி வெச்சி அனுப்பிட்டாங்க. யாரைக் கட்டுனதுக்காக? உன் பொண்ணைக் கட்டுனதுக்காக. அந்தப் புள்ளைய நீ ஊர் நடுவுல நிக்க வெச்சிக் கேள்வி கேப்பியா?"

கறிவேப்பிலையை உருவிக் கொடுத்தேன்.

மே 2, வெள்ளி

ரசத்துக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை வேண்டும் என்றாள் அஞ்சலை. மூன்று கொத்து உருவிவிட்டேன்.

மே 6, செவ்வாய்

நேற்று சபை. தூங்கி எழுந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேடை. மாடரேட்டர் ஹாலரன் என்ற அம்மாள், கையில் மரச் சுத்தி. மேடைக்கு இடது பக்கம் நீள மேசையில் நிதிக்குழு. கடைசி நாற்காலியில் மாப்பிள்ளை, நான் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையில். அஞ்சலை வாசலில் நுழைந்தபோது அவர் தண்ணீர் எடுக்க எழுந்தார். நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு தீர்மானங்கள் போயின. கல்லறைத் தோட்டத்துப் புல் வெட்டும் இயந்திரத்துக்கு அரை மணி நேரம் வாதாடினார்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். டெல்லியில்கூட இவ்வளவு ஒழுங்காகச் சண்டை போடுவதில்லை.

பதின்மூன்றாவது, பெரியவர் வண்டிக்குப் பணம் ஒதுக்கலாமா என்பது. ஐ வென்றால் வண்டி ஓடும். நிதிக்குழு சார்பில் மாப்பிள்ளையே எழுந்து பேசினார். வண்டியில் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பள்ளிக் கூரை காத்திருக்காது, யாரையும் கைவிடுவது குழுவின் நோக்கம் அல்ல. நன்றாகப் பேசினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தினார். எனக்கே கை தட்டத் தோன்றியது.

நான் மைக்குக்குப் போய் வரிசையில் நின்றேன். முறை வந்தது. பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும். "கன்னியப்பன், பீச் தெரு" என்றேன். அடுத்து, மாடரேட்டர் அவர்களே, உங்கள் வழியாக நிதிக்குழுவுக்குச் சொல்ல விரும்புகிறேன் என்று ஆரம்பித்தேன். அந்த 'உங்கள் வழியாக' எவ்வளவு சுகமாக வந்தது. உத்திரமேரூருக்குப் போனேன். குடம், ஓலை, பையன். யாரும் சிரிக்கவில்லை. என் தெருக்காரர்கள் பெயர் அந்த ஓலையில் இருந்திருக்காது என்றும் சொன்னேன். அது எழுதி வைத்த பேச்சில் இல்லை. வாயில் வந்துவிட்டது. உங்கள் நாட்டிலும் நல்ல விதியை எழுதியவர்கள் பாதிப் பேரை வாசலில் நிறுத்தினார்கள் என்றேன். அங்கிருந்து பாஸ்டன் தேயிலைக்குத் தாவும்போது சுத்தியைத் தட்டி, "ஐயா, இன்னும் முப்பது வினாடி" என்றார் மாடரேட்டர்.

தேயிலை முழுவதும் பாக்கி இருந்தது. வாஷிங்டன் பாக்கி. காகிதத்தைப் பார்த்தேன், அதில் இதற்கு வழி எதுவும் இல்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

"மாடரேட்டர் அவர்களே, குழு சொல்வது உண்மை. வண்டியில் ஏறுகிறவர்கள் குறைவு. அந்தக் கொஞ்சம் பேரும் இன்றைக்கு இங்கே வந்திருக்க முடியாது, ஏனென்றால் வண்டி சாயங்காலம் ஓடுவதில்லை. என் மகள் கூட்டி வந்ததால் ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். மகள் இல்லாதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் வாசலைச் சாத்துவதில்லை, எனக்குத் தெரியும். நல்ல காரணத்துக்காகத்தான் சாத்துகிறார்கள். எப்போதும் அப்படித்தான்."

சுத்தி விழுந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. மடித்து வைத்த காகிதத்தை எடுத்து மறுபடி மடித்தேன், அதை அஞ்சலை பார்த்துவிட்டாள்.

வாய் ஓட்டு. ஐ என்றோம். அஞ்சலை உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு நோ. இளைஞர்கள், தொண்டைக்காரர்கள். "நோ தரப்பு வென்றது" என்றார் மாடரேட்டர்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். வால்டர் என் முட்டியில் தட்டினார். வாய் ஓட்டில் சந்தேகம் இருந்தால், ஏழு வாக்காளர்கள் உடனே எழுந்து நின்றால், தலையை எண்ணியே ஆக வேண்டும். அதுதான் சட்டம். வால்டர் எழுந்தார். பெட்டி எழுந்தார். மற்ற மூன்று பேரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். நான் எழுந்தேன். ஆறு.

சுற்றிப் பார்த்தேன். மேகலை சன்னலோரம் கைபேசியில் இரண்டாவது டிரிப்பில் விட்டுப்போன கைத்தடிக்காக யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். அஞ்சலை மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட மனம் வரவில்லை. "ஆறு" என்றார் மாடரேட்டர். சுத்தியைத் தூக்கினார்.

மேடைக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. நிதிக்குழு மேசையில் மாப்பிள்ளை எழுந்து நின்றார். மாடரேட்டரைத்தான் பார்த்தார், எங்களை அல்ல. அவர் நின்ற அதே நொடியில் என் பக்கத்தில் அஞ்சலையும் எழுந்துவிட்டாள். கால் தானாக.

"எட்டு" என்றார் மாடரேட்டர். "எண்ணுவோம்."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். ஐ தரப்பு எழுந்து நின்றது. கையில் எண்ணும் கருவியோடு நான்கு பேர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே போனார்கள். அஞ்சலை ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். உட்காரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளையும் எண்ணினார்கள். உட்கார்ந்தோம். இப்போது நோ தரப்பு என்றார்கள். மாப்பிள்ளை எழுந்தார்.

அஞ்சலையும் எழுந்தாள்.

எங்கள் வரிசையை எண்ணிய பையன் குழம்பிவிட்டான். இந்த அம்மாவை இரண்டு பக்கமும் எண்ண முடியாது என்று மேடையைப் பார்த்தான். சுத்தி தட்டப்பட்டது. அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேகலை ஓடி வந்தாள்.

"அம்மா, உக்காரு. நீ எந்தப் பக்கம்?"

"மாப்பிள்ளை நிக்கறப்ப நான் எப்பிடிடி உக்கார்றது?"

மேகலை முகம் சிவக்க அதை இங்கிலீஷில் சொன்னாள். என் அம்மா என் கணவருக்கு மரியாதைக்காக நிற்கிறார், ஓட்டுக்காக அல்ல. அரங்கமே சிரித்தது. நிதிக்குழு மேசை சிரித்தது. மாப்பிள்ளை காது வரை சிவந்து தரையைப் பார்த்தார். கல்லறைப் புல்லுக்குச் சண்டை போட்டவர்கள்கூடச் சிரித்தார்கள்.

மாடரேட்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தாத்தாவும் அப்பாவும் இதே சுத்தியைப் பிடித்தவர்களாம். அவர் மேடையிலிருந்து குனிந்து, அம்மா, மரியாதையை நாங்கள் எண்ணுவதில்லை, உங்கள் ஓட்டு எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். மேகலை அதைத் தமிழில் சொன்னாள்.

அஞ்சலை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தலையை ஒரு சின்ன ஆட்டு ஆட்டினார். சும்மா சொல்லுங்க அத்தை என்பதுபோல. அவள் என்னைப் பார்க்கவில்லை. முக்காடு போல் கிடந்த சால்வையைச் சரி செய்துகொண்டு, கணீரென்று, "ஐ" என்றாள்.

மூன்று ஓட்டில் வென்றோம். வண்டி ஓடும்.

மேகலை முதலில் பெரியவர்களையும் அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். காரில் எனக்கு இடம் இல்லை. பக்கத்தில் சாவியோடு மாப்பிள்ளை நின்றார். அவர் காரில் ஏறினேன். நடுவில் யாரும் இல்லை.

"மாமா, சீட் பெல்ட்."

போட்டேன். ஊர்ச்சபை அரங்கின் விளக்குகள் பின்னால் போயின. நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏன் மாப்பிள்ளை எந்திரிச்சீங்க?"

"சத்தத்துல யார் ஜெயிச்சாங்கன்னு எனக்குத் தெரியல மாமா. தெரியலன்னா எண்ணணும்."

"ஓட்டு?"

"வேணாம்னுதான் போட்டேன். இப்பவும் அதான் சரின்னு நெனைக்கிறேன்."

"தப்பு" என்றேன்.

"எப்பிடித் தப்பு?"

சொன்னேன். அவர் கூரையைச் சொன்னார். கூரைக்குக் கடன் வாங்கலாம், கால்களைக் கடன் வாங்க முடியுமா என்றேன். அது வாதம் இல்லை மாமா, வசனம் என்றார். வசனம் இல்லாமல் எந்த நாடு சுதந்திரம் வாங்கியது என்று கேட்டேன். அப்படியானால் வாஷிங்டன் எதற்குப் போர் நடத்தினார் என்று திருப்பிக் கேட்டார். கெட்டிக்காரர். ஆனால் வாஷிங்டனைப் பற்றி அவர் படித்தது பள்ளிக்கூடப் பாடம், நான் படித்தது மூன்று பாகம். இரண்டாவது பாகத்தில் என்ன இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் நகராமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. அமெரிக்கா பிழைக்குமா என்பதில் இருந்தோம். பிழைக்காது என்பதற்கு அவரிடம் புள்ளிவிவரம் இருந்தது. பிழைக்கும் என்பதற்கு என்னிடம் கல்லறைத் தோட்டத்துப் புல் வெட்டும் இயந்திரம் இருந்தது. அரை மணி நேரம் ஓர் இயந்திரத்துக்காகச் சண்டை போட்டுவிட்டு, தோற்றவன் வென்றவனுக்குக் கோட்டு எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேனே. ஒரு ஊரை வைத்து ஒரு நாட்டைச் சொல்ல முடியாது என்றார். வேறு எதை வைத்துச் சொல்வது என்றேன்.

மேகலையின் கார் வந்து நின்றது. அஞ்சலை இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னா, சண்டையா?"

"ஆமா" என்றேன்.

"ஆமா அத்தை" என்றார் அவர்.

"உள்ள வந்து போடுங்க, குளுருது."

மாப்பிள்ளை கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"நீங்க போங்க அத்தை. மாமா இன்னும் பேசி முடிக்கல."